டூப் போட்ட முதுகு

கடலில் மூழ்குகிறவர்களை நீந்திப்போய் இழுத்து வருவதுதான் என் தங்கை புருஷனின் வேலை. வீட்டில் சொல்லி வைத்திருந்தது வேறு: குடைக்கு அடியில் உட்கார்ந்து, ஆழத்துக்குப் போகிறவர்களைப் பார்த்து விசில் ஊதுவது. தோளில் இருந்த நீளத் தழும்புகூடக் குடைக்கம்பி கிழித்ததாம். உண்மை தெரிந்தால் தங்கை அன்றைக்கே வேலையை விடச் சொல்லுவாள் என்று அவருக்குப் பயம். கடலை விட்டால் வேறு எதுவும் அவருக்குக் கை வராது. எங்கள் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய வந்து கூடத்தையே குளமாக்கிவிட்டுப் போனவர் அவர்.

கடல் மீட்பு வீரர்களைப் பற்றிப் பணத்தைத் தண்ணீராக இறைத்து ஒரு படம் எடுத்தார்கள். நாயகனுக்கு டூப் போட மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். முகம் தெரியாது, முதுகு மட்டும். அதற்கே மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. படத்தில் வருவதெல்லாம் சுத்தப் புருடா, நிஜத்தில் விசில்தான் என்று தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முதல் காட்சிக்கே எங்களைக் கூட்டிப்போனார்.

புருடாவில் குறை வைக்கவில்லை. நாயகன் புயலில் குதிக்கிறார், தலைமுடி கலையவில்லை. மூழ்குகிறவனுக்கு நேர் எதிரே போய்த் தாய்ப்பாசத்தைப் பற்றி வசனம் பேசுகிறார். அவனும் மூழ்குவதை ஒத்திவைத்துவிட்டுக் கேட்கிறான்.

"முன்னாடி போனா கழுத்தப் புடிச்சு நம்மளையும் அமுக்கிடுவான், பின்பக்கமாதான் போகணும்னு சொன்னேன்," என்று மாப்பிள்ளை என் காதில் முணுமுணுத்தார். "அப்ப ஹீரோ முகம் தெரியாதேன்னுட்டாங்க."

இடைவேளையில் எழுந்து போய்த் திரும்பி வராதவர்கள் புத்திசாலிகள்.

பிறகு அந்தக் காட்சி வந்தது. பெரிய அலை ஒன்று அடித்ததும், மூழ்குவதாக நடித்தவன் நிஜமாகவே மிரண்டு மாப்பிள்ளையின் கழுத்தை இறுக்கிக்கொண்டான். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். வெகுநேரம் வெளியே வரவே இல்லை. கடைசியில் மாப்பிள்ளை அவனுக்குப் பின்னால் எழும்பி, தாடையைத் தூக்கிப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். ஒத்திகையில் இல்லாத விபத்து அது. வெட்டியிருப்பார்கள் என்று இவர் நம்பியிருந்தார். இயக்குநரோ, பார்க்க நன்றாக இருக்கிறதென்று வைத்துக்கொண்டார்.

நம்புகிற மாதிரி எடுக்கத் தெரியவில்லை என்று பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

தங்கை சிரிக்கவில்லை. புருஷன் முதுகு அவளுக்குத் தெரியாதா? வெளியே வந்ததும் கேட்டாள்.

"தினமும் இப்படித்தானா?"

"படம்மா அது. எல்லாம் பொய்."

"எல்லாம் பொய்தான். அது மட்டும் பொய் இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேலை போயிற்று என்று நானும் முடிவு கட்டிவிட்டேன்.

அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். காலையில் மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு, போகவும் மனமில்லாமல் உள்ளே வரவும் தைரியமில்லாமல் வாசலில் நின்றார். தங்கை அடுப்படியிலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. இனிமே தினமும் பயப்படுவேன். அதுக்காக அங்க யாரோ பெத்த புள்ளைய முழுக விட முடியுமா? நேரமாகுது. போயிட்டு வாங்க."

கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதை விட்டுவிட்டு, தெருமுனை வரை அவர் கூடவே நடந்தேன்.