வெறுமையாய் விட்ட ஓரம்

கீழ்வீட்டு டீச்சரம்மா ஒரு நாள் காதுக் கருவியைக் கழற்ற மறந்து தலைக்குக் குளித்துவிட்டார். அழாத குறையாக அதை மேல்மாடிக்குக் கொண்டுவந்து ரேடியோவின் கையில் கொடுத்தார். ரேடியோ என்பது பட்டப்பெயர். கெட்டுப்போன சாமான் எதைக் கண்டாலும் பிரித்துப் பார்த்துவிடுகிற மனிதருக்கு அந்தக் கட்டடத்து ஜனங்கள் வைத்த பெயர். அவர் கருவியைத் திறந்து மேஜைமேல் தட்டியபோது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பக்கத்தில் நின்ற அவருடைய அண்ணி அதைக் கண்ணாரப் பார்த்தாள். ரேடியோ உள்ளங்கையால் ஈரத்தை மறைத்துத் துடைத்துவிட்டு, டீச்சரம்மாவின் காதருகே குனிந்து, "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. உள்ள ஒரு கம்பி தானா விட்டுப்போச்சு. செஞ்சவன் ஒழுங்கா பத்தவைக்கல," என்றார். டீச்சரம்மா, செய்தவன் எவனோ அவனை வாயாரத் திட்டிக்கொண்டு நிம்மதியாகப் படியிறங்கினார்.

"ஏன் தம்பி, அவ்வளவு தண்ணி கொட்டுச்சே?"

"கொட்டுச்சா? நான் கவனிக்கலையே அண்ணி."

பொய் சொல்கிறாரா, நிஜமாகவே கவனிக்கவில்லையா? அண்ணிக்குப் புரியவில்லை. அந்தக் கொழுந்தன் விஷயத்தில் அவளுக்கு எதுதான் புரிந்தது?

இறைவன் சோதனையாக, ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோதே அண்ணியின் கணவருக்கு வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. அண்ணி அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், சட்டை தைக்கிற கூடத்தில் காலர் வைப்பவள். அந்த வேலைதான் வீட்டுக்கு ஆதாரம். அவள் கீழே தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கணவர் கட்டிலிலிருந்து சரிந்து, முகம் தரையில் பட, சாப்பாட்டு நேரம் வரைக்கும் அப்படியே கிடந்தார். சேதி கேட்டு வெளியூரிலிருந்து நாத்தனார் பறந்து வந்தாள். கணவருக்கும் ரேடியோவுக்கும் மூத்தவள் அவள். அவள் வாய்க்கு வீடே அடங்கும்.

"நீ காலரைக் கட்டிக்கிட்டு அழு. என் தம்பியை நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

கணவர் இடது கையால் அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். விடவேயில்லை. அவர் போனால் அந்த வீட்டில் தனக்கு என்ன இருக்கிறது என்று அண்ணி நினைத்தாள்.

"கொஞ்சம் பொறுக்கா. அண்ணன் கூப்பிட்டா அண்ணிக்குக் கேக்கற மாதிரி ஒண்ணு பண்ணித் தர்றேன்," என்றார் ரேடியோ.

"கடையில மணி விக்கறானே, வாங்கி மாட்ட வேண்டியதுதானே!"

அதையும் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். கணவர் அமுக்கிக்கொண்டே இருந்தார். கீழே கேட்டதா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அண்ணி மூச்சிரைக்க மேலே வந்து பார்த்தால் மனிதர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடவும் வேண்டும், 'கேட்டுச்சு, வர்றேன்' என்று பதிலும் வரவேண்டும். பெரிய பொத்தானாக, நடுங்குகிற இடது கைக்குத் தோதாக இருக்கவேண்டும். அப்படி ஒன்று கடையில் இல்லை. அதனால் ரேடியோ சர்க்கிட் போர்டைத் தானே வரைய உட்கார்ந்தார்.

கம்ப்யூட்டர் திரையில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் ஓடின. அண்ணி தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு வாயைப் பிளந்து பார்ப்பாள்.

"இதென்ன தம்பி, எம்பிராய்டரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான். நூலுக்குப் பதிலா செம்பு. ஒரு கோடு இன்னொண்ணைத் தொடக்கூடாது. வழியில்லன்னா ஓட்டை போட்டு அடிப்பக்கமா போயிட்டு வரணும்."

அடிநூல் மாதிரி என்று அவளுக்குப் பட்டது. அதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை.

"நடுவுல கறுப்பா ஒண்ணு இருக்கே?"

"அதான் சிப்பு. அதுக்குள்ள ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் இருக்கு, ரேடியோவும் இருக்கு."

"அப்ப உங்களையே உள்ள வெச்சு அடைச்சுட்டீங்கன்னு சொல்லுங்க."

ரேடியோ சிரித்தார். அண்ணியும் சிரித்துவிட்டு வந்தாள். ஆனால் குழப்பம் தீரவில்லை. வேண்டுதலுக்குக் கம்பி வேண்டாம், அது அவளுக்குத் தெரியும். வேண்டுதல் போய்ச் சேருகிற இடம் அப்படிப்பட்ட இடம். இந்தச் செம்பும் பிளாஸ்டிக்கும் சுவரைத் தாண்டி, தளத்தைத் தாண்டி எப்படிப் பேசும்?

வரைந்ததை அனுப்பி, போர்டு செய்து வந்தது. பச்சை நிறம், சோப்புக்கட்டி அகலம். ரேடியோ கடுகு மாதிரிச் சாமான்களை இடுக்கியால் எடுத்து வைத்துப் பற்றவைத்தார். மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று அண்ணி தள்ளியே நின்றாள். போர்டின் ஒரு ஓரத்தில் மட்டும் எதையும் வைக்காமல் வெறுமையாக விட்டிருந்தார். புழு நெளிந்த மாதிரி ஒரே ஒரு கோடு அங்கே ஓடியது. ஏன் என்று கேட்க வாயெடுத்தவள், இடுக்கியைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். பிறகு மறந்தும் போனாள்.

முதல் நாள் கணவர் மேலே அமுக்கினார். கீழே அண்ணியின் இடுப்புப் பையில் கிடந்த சின்னப் பெட்டி குறுகுறுவென்று அதிர்ந்தது. அவள் பதிலுக்கு அமுக்கியதும் கணவரின் கையிலிருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததாம். பாதி வாயால் சிரித்தாராம்.

"ஏண்டி, வீட்டுக்காரரை மடியிலயே கட்டிக்கிட்டு வந்துட்டியா?" என்று பக்கத்து மெஷின்காரி கிண்டல் பண்ணினாள். அண்ணி ஓடிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

நாத்தனாருக்குச் சேதி போயிற்று. "என் கண்ணால பாக்காம நம்பமாட்டேன். நாளைக்கு வர்றேன்," என்றாள்.

மறுநாள் காலையில் அண்ணி வழக்கம்போல் விளக்கேற்றிக் கும்பிட்டாள். இறைவன் திருப்பெயர் பொறித்த சின்னப் பித்தளைத் தகடு ஒன்று அவளிடம் இருந்தது. கணவர் படுத்த நாளிலிருந்து தலையணைக்கடியில் வைத்திருந்தாள். கணவரின் பெட்டிக்குள்ளும் அவன் துணை இருக்கட்டும் என்று மூடியைத் திறந்து பார்த்தாள். வெறுமையாய் விட்ட அந்த ஓரம் கண்ணில் பட்டது. அளவெடுத்துச் செய்த மாதிரி தகடு அங்கே உட்கார்ந்தது. பசை தடவி ஒட்டி மூடினாள். அமுக்கிப் பார்த்தாள். பக்கத்திலிருந்த தன் பெட்டி அதிர்ந்தது. நிம்மதியாகக் கீழே இறங்கினாள்.

அன்றைக்குப் பெட்டி ஒரு தடவைகூட அதிரவில்லை. நாத்தனார் வந்து பக்கத்தில் இருக்கிறாள், அவருக்கு ஒரு குறையும் இல்லை போலிருக்கிறது என்று அண்ணி நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வாசலில் நாத்தனார் வந்து நின்றாள்.

"அங்க என் தம்பி விரல் தேய அமுக்கறான். நீ இங்க ஒய்யாரமா தைச்சுக்கிட்டிருக்க!"

மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. அண்ணி பெட்டியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள். நேற்று பேசியது இன்றைக்கு ஏன் ஊமையாயிற்று? மேலே ஓடினாள். அறைக்குள் போனதும் அது அதிர்ந்தது. படிக்கட்டுக்கு வந்தால் செத்துவிட்டது. மறுபடி உள்ளே போனால் அதிர்ந்தது. உன் பெயரை வைத்த பிறகா இப்படி, வேண்டாம் என்கிறாயா, என்று உள்ளுக்குள் கேட்டாள். பதிலுக்கு விளக்கு எதுவும் எரியவில்லை.

ரேடியோவை வரவழைத்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அண்ணன் பெட்டியின் மூடியைத் திறந்தார். எதையோ நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு மூடியைப் போட்டுவிட்டு, "அண்ணி மேல ஒரு தப்பும் இல்லக்கா. ஓரத்துல ஓடுற கோடு வழியாத்தான் அலை வெளிய போகணும். நான்தான் அந்த ஆன்டெனாவைத் தப்பா வரைஞ்சுட்டேன்," என்றார்.

"நீ என்னைக்குடா எதை ஒழுங்கா பண்ணிருக்க? படிச்ச படிப்பெல்லாம் தண்டம்! அடுத்த மாசம் வண்டியோட வருவேன். அதுக்குள்ள ஆனா ஆச்சு, இல்லன்னா அவனைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

ரேடியோ தலை குனிந்து எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார்.

மறுபடி வரைந்தார், மறுபடி போர்டு வந்தது. இன்னும் மூடாத புதுப் பெட்டியோடு சின்னக் காகித மடிப்பு ஒன்றையும் அண்ணியிடம் கொடுத்தார். உள்ளே அவளுடைய பித்தளைத் தகடு, பசையெல்லாம் சுத்தமாகத் துடைத்து. புதுப் போர்டில் அந்த ஓரம் முன்போலவே வெறுமையாகத்தான் இருந்தது, அதே புழுக்கோடு. ஆனால் எதிர் ஓரத்தில் வெள்ளை மசியில் ஒரு கட்டம் போட்டிருந்தது. முனைகள் வளைந்து, தகட்டின் அளவுக்கு அச்சு அசலாக.

"இந்தப் பக்கம் கொஞ்சம் இடம் மிச்சமாயிடுச்சு அண்ணி. ஏதாவது ஒட்டணும்னா ஒட்டிக்கலாம்."

அண்ணி கட்டத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். 'ஒரு தப்பும் இல்ல' என்ற அதே குரல். டீச்சரம்மாவின் காதுக் கருவி நினைவுக்கு வந்தது. மேஜைமேல் சொட்டிய தண்ணீரும்.

"தம்பி, நான் ஒட்டுனதாலதானா அன்னைக்கு..."

"சேச்சே! ஆன்டெனாவே கோணல்."

"பழைய கோடு மாதிரியேதானே இருக்கு?"

"உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுது."

மறுபடி குழப்பிவிட்டார். அண்ணி தகட்டைக் கட்டத்தில் ஒட்டிக் கும்பிட்டுக்கொண்டாள்.

நாத்தனார் வண்டியோடுதான் வந்தாள். கணவரின் கையிலிருந்து பெட்டியை வாங்கித் தானே ஓங்கி அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அண்ணி தலையெல்லாம் நூல் பிசிறோடு, கையில் பாதிக் காலரோடு வாசலில் வந்து நின்றாள். நாத்தனார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். தம்பியின் பாதிச் சிரிப்பையும் பார்த்தாள்.

"என்னமோ தீப்பிடிச்ச மாதிரி ஓடி வர்றா. போ, போய் வேலையைப் பாரு," என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாக எட்டி, வண்டிக்காரனைப் போகச் சொன்னாள்.

கொஞ்ச காலத்தில் ரேடியோவுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது. அதற்குப் பிறகு அண்ணி அவரை நேரில் பார்க்கவில்லை. புறப்பட்ட அன்று அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வாசலில் சூட்கேஸும் கையுமாக நின்றார். பேட்டரி எப்படி மாற்றுவது என்று மறுபடி ஒரு முறை சொல்லிக் கொடுத்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். நாலடி நடந்தவர் திரும்பி வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"அண்ணி, அந்த வெறும் ஓரத்துல மட்டும் எதையும் வெச்சிடாதீங்க. ஆண்டவனே வந்து கேட்டாலும், உனக்கு எதிர்ப்பக்கம் இடம் போட்டிருக்குன்னு சொல்லிடுங்க."