ராஜபாண்டி மைக் பிடித்த நாள்

மாடு என்று யாராவது வாயெடுத்தால் போதும், ராஜபாண்டி கையில் இருக்கும் டீ ஆறிப்போகும். பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவன் கட்டிங் மாஸ்டர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பெண்டாட்டி பிள்ளையோடு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. துணியை அடுக்கி வெட்டும்போது வாய் திறக்க மாட்டான். கை கொஞ்சம் பிசகினாலும் ஒரு அடுக்கே வீணாகிவிடும். பகலெல்லாம் அடக்கி வைத்ததை இடைவேளையில் பேக்கரி வாசலில் பேசித் தீர்ப்பான்.

பேச்செல்லாம் மாட்டு வண்டிப் பந்தயம்தான். அவன் ஊர்ப் பக்கம் தார் ரோட்டில் எட்டு மைல் ஓடும். எல்லா வண்டியும் ஒன்றாகக் கிளம்பி, கொடி நட்ட இடத்தில் திரும்பி வரும். இளவட்டமாக இருந்தபோது சைக்கிளில் வண்டிகளுக்குப் பின்னாலேயே போனவன் அவன். எந்த மாடு பாதி வழியில் நுரை தள்ளும், எது கடைசி மைலில் வேகம் எடுக்கும் என்று முதல் நாளே சொல்வான். பெரும்பாலும் அப்படியே நடக்கும். இதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த மதிப்பைத் துணிமணியோடு மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்ததுதான் வினை.

இங்கே ரேக்ளா என்று சொல்வதும் அதேதான் என்று நினைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் பார்க்கிறவன் எங்கே போய்ப் பார்ப்பது? யாரிடமாவது கேட்டிருக்கலாம். பேசுவதற்கே இடைவேளை போதாதவனுக்குக் கேட்க நேரம் இல்லை.

அவன் குடியிருந்த லைன் வீட்டின் சொந்தக்காரி தெய்வாத்தாள். புருஷன் தவறிய பிறகு மகன் தண்டாயுதபாணியோடு தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழுவத்தில் மூன்று காளைகள். இரண்டு வெளிர் சாம்பல் நிற மயிலை, ஒன்று சிவப்பு நிறச் செவலை. செவலை கன்றாக இருந்தபோதே தாய்ப்பசு செத்துப்போனது. பாட்டிலில் பால் புகட்டி அதை ஆளாக்கியவள் தெய்வாத்தாள்தான்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தீவனத்துக்கு இருந்த சோளத்தட்டு இரண்டு மாட்டுக்குத்தான் காணும். குன்னத்தூர் ரேக்ளாவில் முதல் தடவையாக வண்டி விடவும் தண்டாயுதபாணிக்கு ஆசை. எந்த இரண்டை வைத்துக்கொள்வது, எதை விற்பது என்று தாய்க்கும் மகனுக்கும் பிடிபடவில்லை.

"நம்ம மாஸ்டருக்கு மாடு தெரியுமாமுங்கம்மா. ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்க" என்றான் தண்டாயுதபாணி.

ராஜபாண்டிக்குத் தலை கால் புரியவில்லை. ஊரை விட்டு வந்தபின் அவனை மாடு பார்க்கக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மார்பைப் பார்த்தான், குளம்பைத் தூக்கிப் பார்த்தான், சுழி பார்த்தான். மயிலை இரண்டும் அசையாமல் நின்றன. செவலையோ நாக்கைச் சொடுக்கியதும் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது.

"இது நின்னு ஓடாதுக்கா. மொத மைலுலயே எல்லாத்தையும் கொட்டிட்டு நாக்கத் தள்ளிரும். மயிலை ரெண்டும் நெதானம். அதுகள வச்சுக்கங்க."

மைல் என்று அவன் சொன்னதை அவர்கள் ஒரு பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். தெய்வாத்தாள் செவலையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். "நீங்க சொன்னாச் சரியா இருக்குமுங்க தம்பி" என்றாள். பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் வந்து செவலையை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

பந்தயத்தன்று ராஜபாண்டிக்கு ராஜ மரியாதை. கம்பெனி முதலாளி பழனிமுத்து விழாக் கமிட்டியில் முக்கியமானவர். கட்டிங் மாஸ்டரைத் தன் காரிலேயே குன்னத்தூருக்கு அழைத்துப் போனார். வண்டி ஓடுவதற்கு முன்னால் எந்த ஜோடி ஜெயிக்கும் என்று மைக்கில் சொல்ல வேண்டும் என்பது அவர் யோசனை. கூட்டம் கலகலப்பாக இருக்கும் என்றார். ராஜபாண்டி புதுச்சட்டை போட்டிருந்தான்.

மைதானத்தில் இறங்கியதும் ரோட்டைத் தேடினான். உழுது சமன் செய்த ஒரு நிலத்தில் நேராக ஒரு தடம் போட்டிருந்தார்கள். இருபுறமும் கயிறு. கொஞ்ச தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அதற்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு இரண்டு பேர்.

"வண்டி எங்கிட்டுத் திரும்புது?" என்று கயிறு கட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டான்.

"திரும்பறது எங்கீங்க? அந்தக் கோடு வரைக்குந்தானுங்க. இருநூறு மீட்டருங்க. ஒவ்வொரு வண்டியா உடுவாங்க, யாரு கொறைஞ்ச நேரமோ அவங்களுக்குப் பரிசுங்க."

இருநூறு மீட்டரில் மூச்சை மிச்சம் பிடித்து என்ன செய்வது? சொடுக்கியதும் பாய்கிற மாடுதான் இங்கே மாடு. அப்படி ஒன்றைத்தான் அவன் தொழுவத்தை விட்டே விரட்டியிருந்தான். அவமானம் காதுவரைக்கும் சுட்டது.

"வாங்க மாஸ்டர்" என்று முதலாளி மைக்கை நீட்டினார். எனக்கு இந்த ஓட்டம் தெரியாது என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு பேர் சிரித்திருப்பார்கள், சாயங்காலம் மறந்திருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. மைக்கை வாங்கினான்.

வந்து நின்ற ஜோடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னான். பழக்கதோஷம், வாய் தானாகவே ஓடியது. தண்டாயுதபாணியின் மயிலை ஜோடிக்கு முதல் இடம் என்றான். கைதட்டினார்கள். கயிற்றோரம் நின்ற தெய்வாத்தாளின் முகம் மலர்ந்தது. அடுத்து வந்தது பல்லடத்து வண்டி. வலப்பக்கம் செவலை. இரண்டு ஆள் பிடித்தும் கால் தரையில் நிற்கவில்லை. அதுதான் ஜெயிக்கப் போகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்தது. அதைச் சொன்னால் விற்கச் சொன்னது ஏன் என்று கேள்வி வரும். தெய்வாத்தாள் இருந்த பக்கம் பார்க்காமலேயே பேசினான்.

"இது பந்தயத்துக்கு வந்த மாடு இல்லைங்க. கல்யாண வீட்டுல பந்திக்கு மொத ஆளா ஓடுவாங்கள்ல, அந்தக் கூட்டம். துள்ளலெல்லாம் எலை போடுறவரைக்குந்தேன்."

மைதானமே சிரித்தது. முதலாளி அவன் முதுகில் தட்டினார்.

மயிலை ஜோடி ஓடியது. நல்ல நிதானமாக, எட்டு மைலுக்கான கணக்கோடு, ஒரு அவசரமும் இல்லாமல் கோட்டைத் தாண்டியது. அவன் சொன்ன மற்ற ஜோடிகளும் தேறவில்லை. செவலையை விட்டார்கள். ஆட்கள் கையை எடுத்தது தெரிந்தது, வண்டி கோட்டைத் தாண்டிப் புழுதிக்குள் போனது தெரிந்தது, நடுவில் எதையும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வந்த வண்டி எதுவும் அந்த நேரத்தை நெருங்கவில்லை.

யாராவது ஏசியிருந்தால் தேவலை. இந்த ஊர்க்காரர்களுக்கு அது வராது. "மாஸ்டருங்க, அடுத்த பந்தயத்துக்கும் வந்து சொல்லோணுமுங்க" என்று அத்தனை பணிவாகக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சிரித்தார்கள். தெய்வாத்தாள் பல்லடத்து வண்டியை நோக்கி நடந்து போவதை ராஜபாண்டி பார்த்தான். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. முதலாளியிடம் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டான். புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தது அவனுக்கே கேவலமாக இருந்தது.

மறுநாள் காலையில் மனசைத் திடப்படுத்திக்கொண்டு தொழுவத்துக்குப் போனான். தெய்வாத்தாள் மயிலைகளுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க பக்கம் எட்டு மைலு ஓடும். இங்கயும் அப்படித்தேன்னு நெனச்சுட்டேன். தெரியாமச் சொல்லிட்டேன்க்கா."

"அதுக்கென்னுங்க தம்பி. நாங்களும் வெவரமாக் கேக்கலீங்களே. வித்தது நாங்கதானுங்க" என்றாள். முகத்தில் கோபம் இல்லை. தட்டைக் கீழே வைத்தாள். "இருநூறு மீட்டருன்னு எப்பங்க தெரிஞ்சுது?"

"நேத்து, அங்க வந்துதேன்."

"மைக்குப் புடிக்கறதுக்கு முந்தீங்களா, பொறவுங்களா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தான். வரவில்லை.

"முந்தித்தேன்க்கா."

தெய்வாத்தாள் தலையை ஆட்டினாள். கீழே வைத்த தட்டை எடுத்து மயிலைகளுக்குப் போட்டாள்.

"ஓட்டம் முடிஞ்சு நம்ம செவலைகிட்டப் போனனுங்க தம்பி. கையை நக்கிக் குடுத்தான். நீங்க பந்திக்கு ஓடற ஆளுன்னு சொன்னப்ப எல்லாருஞ் சிரிச்சாங்கள்ல? உங்க பேச்சை நம்பி, அவனைப் பாத்து நானுஞ் சிரிச்சுப்போட்டனுங்க. அதுதானுங்க எனக்கு ஆற மாட்டேங்குது."