செல்லக்கனி டீச்சரின் ‘கோ’

செல்லக்கனி டீச்சரிடம் சிக்கினால் ‘கோ’ என்கிற ஒரே வார்த்தையில் ஒரு வாரம் ஓடிவிடும். ராஜபாளையத்தில் செல்போன் கடை மாடியில் அவள் நடத்துகிற ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு ஊருக்கே தெரியும். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள்தான் முக்கால்வாசி.

“பயப்படாதீக. நம்ம ‘போ’தான் அது. பால் கெட்டுப் போனாலும் ‘கோ’, வெலை ஏறிப் போனாலும் ‘கோ’, ஆள் செத்துப் போனாலும் அதேதான். ஆனா ‘ஐ கோ அண்ட் கம்’னு எவனாவது சொன்னா வெளியதான் நிக்கணும்.”

சொல்லாமல் இருப்பார்களா? ‘போறேன்’ என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு வாசல் தாண்டுகிற பழக்கம் இந்தப் பக்கம் யாருக்கு இருக்கிறது? கடையில் உப்பு வாங்கப் போனாலும் ‘போயிட்டு வாரேன்’தான். அந்த வாயோடு இங்கிலீஷ் பேசினால் அதுவும் கூடவே வந்து விழும். டீச்சர் மன்னிக்க மாட்டாள். அப்படியொரு வீம்பு.

அதிகம் வெளியே நின்றது அவள் புருஷன் பால்ச்சாமிதான். மில் ஃபிட்டர். மில்லை மூடிய பிறகு மஸ்கட்டில் வேலை கிடைத்தது; அதற்காகக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். பொண்டாட்டியை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டு வகுப்பையே சிரிக்க வைப்பான்.

கிளம்பிய அன்று ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில், பஸ் படியில் நின்றபடி, “ஐ ஆம் கோயிங், டீச்சர்” என்றான். ஒரு பிழை இல்லை. “வெரி குட்” என்று அவளும் சிரித்தாள். பஸ் கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடிப்பாவி, இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லச் சொல்லியிருக்கக் கூடாதா? போனில் சொல்ல வைத்துவிடலாம் என்று பல நாள் நினைத்தாள். வெட்கமாக இருந்தது.

ஐப்பசியில் அங்கே பெய்த மழையில், அவன் போன வண்டியை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. ஆளைக் காணவில்லை என்று மட்டும் கம்பெனியில் சொன்னார்கள். மாமியார் சுடலையம்மாள் அழவில்லை.

“ஏட்டி, கெளம்பும்போது எம் புள்ள என்ன சொல்லிட்டுப் போனான்?”

“போயிட்டு வாரேன்னுதான் சொன்னாவ.”

பொய்தான். வேறென்ன சொல்வாள்? அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு மாமியார் வேளாவேளைக்குச் சாப்பிட்டாள். மகனின் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தாள். மாமியார் அதையே சொல்லக் கேட்டுக் கேட்டு, செல்லக்கனிக்கே சில சமயம் அது நிஜம்போலத் தோன்றியது.

மார்கழியில் சவப்பெட்டி வந்தது. கொண்டுவந்தவர்கள் திறக்க விடவில்லை. சுடலையம்மாள் அதன் மேல் கையை வைத்துத் தடவினாள்.

“சொன்ன சொல் தப்பாம வந்துட்டான் பாரு எம் புள்ள.”

செல்லக்கனி மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அவிய அப்படிச் சொல்லல அத்தே. நான்தான் சொல்ல விடல.”

சுடலையம்மாளின் காதில் அது விழவில்லை. அவள் மகனோடு பேசிக்கொண்டிருந்தாள்.