நிறைவேற்றப்பட்ட எங்கள் தெருக் குழாய்

தேர்தல் அறிக்கைக்கு மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று, இன்று லீவு போட்டுவிட்டு ஆளுங்கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்த கல்யாண மண்டபத்துக்குப் போனேன்.

கையில் ஆனையூரில் எங்கள் தெருவே கையெழுத்துப் போட்ட மனு. ஒரே கோரிக்கைதான்: குழாயில் தண்ணீர் வர வேண்டும்.

மனு வாங்கிய நிர்வாகி பொறுமையாகப் படித்தார்.

“அக்கா, இது போன அறிக்கையிலயே இருக்கு.”

“இருக்குண்ணே. தண்ணிதான் வரல.”

“குழா போட்டாச்சுல்ல? நிறைவேத்தியாச்சுன்னு நோட்டீஸ் அடிச்சு வீடு வீடா குடுத்துட்டோம். மறுபடி அறிக்கையில போட்டா, செய்யலன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்.”

“ஒரு கொடம் தண்ணிக்கு எம்புட்டு தூரம் நடக்குறோம் தெரியுமாண்ணே” என்றேன்.

அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார். “வேற ஏதாச்சும் புதுசா கேளுங்கக்கா, கண்டிப்பா சேத்துர்றேன்” என்று மனுவைத் திருப்பித் தந்தார்.

அப்படியே ஷேர் ஆட்டோ பிடித்து எதிர்க்கட்சி ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டார்.

“இது அவங்க வாக்குறுதிக்கா. நாங்க போட்டா, காப்பியடிச்சோம்பாய்ங்க.”

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தேன். காற்று வந்தது. எதிர்வீட்டு அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு, “என்ன சொன்னாக?” என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார்.

கருத்துக் கேட்கிற மூன்றாவது கட்சி எதுவும் தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அந்த நோட்டீஸ்படி எங்களுக்குத் தண்ணீர் வந்து நாலைந்து வருஷம் ஆகிவிட்டது என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.