வடக்குக் கடலுக்கு எடுத்த லீவு

சிட்னியில் நர்ஸாக இருந்த தவமணிக்கு 1972இல் ஆறு கிழமை லீவு சேர்ந்திருந்தது. கணவர் கதிர்காமநாதன் அந்த ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட மிச்சம் விடாமல் திட்டம் போட்டிருந்தார். ரயிலில் பேர்த் வரை, பிறகு கப்பலில் ஆளில்லாத வடமேற்குக் கரையோரமாக டார்வின் வரை.

புறப்பட மூன்று கிழமை இருக்கையில் யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்தது. அம்மாவுக்கு நோய் கடுமை.

"நான் அம்மாட்டைப் போகப் போறன்," என்றாள்.

"இந்தக் கப்பலை விட்டால் பிறகு அடுத்த வருசம்தான். முடிச்சுக்கொண்டு அங்கை போகலாம். மாமி தாங்குவா," என்றார் அவர், வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் போகாமல் நின்றுவிட்டாள். ஒன்பதாம் நாள் அடுத்த தந்தி வந்தது. அம்மா போய்விட்டா, செத்தவீடும் முடிந்துவிட்டதாம்.

"பயணத்தை விடுவமோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இனி என்னத்துக்கு விடுறது? நீங்கள் போயிட்டு வாங்கோ."

அவரும் போனார். ஸ்டேஷனில் அவரை ஏற்றிவிட்டு, தவமணி லீவை ரத்துச் செய்து அன்று பின்னேரமே வார்டில் நின்றாள். அதற்குப் பிறகும் இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அந்தக் கடல் எப்படி இருந்தது என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் சொல்லத் துணியவில்லை.