மின்விசிறிக்குக் கீழே ஓர் ஏக்கர்

"வள்ளித்தாய், பெண், வயது 51. தொழில்: இல்லத்தரசி. நிலம்: இல்லை. பயிர்ச்சேத பாதிப்பு: பொருந்தாது."

மழைச் சேதக் கணக்கெடுப்பில் அவரைப் பற்றி எழுதப்பட்டது இவ்வளவுதான். எழுதியவர் பொய் சொல்லவில்லை. இலஞ்சியில் வள்ளித்தாய் பயிரிடும் ஓர் ஏக்கர் ஜைனப் என்பவர் பெயரில் இருக்கிறது, குத்தகை வாய்ப்பேச்சு. இல்லத்தரசி என்றால் இல்லத்தில் பார்க்க முடிய வேண்டும். விடிந்தால் வயலில் இருப்பார். சீசன் வந்தால் குற்றாலத்தில் ஒரு லாட்ஜைப் பெருக்கித் துடைப்பார். விளைந்த நெல்லை, ஜைனப்பின் நிலச் சிட்டாவைக் காட்டி, அரசுக்கு விற்பார். நிலமில்லாதவர் என்பதால் அதே அரசிடம் ரேஷன் அரிசி வாங்குவார்.

இந்த ஆண்டு மார்ச்சில், அறுப்பு முடிந்த மறுநாளே வரக்கூடாத மழை வந்து மூன்று நாள் விடாமல் பெய்தது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பதினேழு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வள்ளித்தாயின் நெல் பத்தொன்பது காட்டியது. வரம்பைத் தளர்த்தச் சொல்லி மேலே எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். குழு வந்து, மாதிரி எடுத்து, உத்தரவு போடுவதற்குள் மூட்டைக்குள்ளேயே நாற்று வளர்ந்துவிடும். தவிர, மறுநாள் மதியத்தோடு நிலையத்தை மூடுகிறார்கள். அதன்பிறகு வியாபாரி சொல்வதுதான் விலை. குத்தகை கொடுக்க முடியாமல் போனால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடையாது.

வெயிலைக் காணோம். ரோட்டில் விரிக்கவும் வழியில்லை. ஆனால் வள்ளித்தாயின் இடுப்பில் லாட்ஜ் சாவி இருந்தது. சீசன் இல்லாத மாதங்களில் பூட்டிக் கிடக்கும் லாட்ஜைத் திறந்து கூட்டுவதும் அவர்தான். அதே ஊர் முத்துராஜின் லோடு ஆட்டோவில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய், கீழ்த்தள டார்மிட்டரியில் கொட்டிப் பரப்பி, எல்லா ஃபேனையும் போட்டார். யாரையும் கேட்கவில்லை.

நெல்லை நனைத்த மழை அருவியையும் நிரப்பியிருந்தது. நாலு மணிக்கு லாட்ஜ் முதலாளி பால்வண்ணநாதன் தென்காசியிலிருந்து போன் செய்தார்.

"ஏ வள்ளித்தாயி, மெயின் அருவில தண்ணி கொட்டுதாம். மதுரைலருந்து ரெண்டு வேன் வருது. டார்மிட்டரியக் கழுவி வையி."

"அதுல ஆளு இருக்கே அண்ணாச்சி."

"எனக்குத் தெரியாம எவன் வந்தான்? வாடகை வாங்குனியா?"

"நம்ம ஊரு ஆளுதான். படுத்துக் கெடக்கு."

அதற்கு மேல் போனில் சொல்லத் தைரியம் வரவில்லை. காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

வேன்களும் முதலாளியும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். தோளில் துண்டோடு இறங்கிய ஒருவர் டார்மிட்டரிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நெல்லுக்கு ஃபேனு, எங்களுக்கு வராண்டாவா?"

"நீங்க நனையத்தான வந்திருக்கீய. இது நனையக் கூடாதுல்லா," என்றார் வள்ளித்தாய்.

பால்வண்ணநாதன் சிரிக்கவில்லை. நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"முந்துன வருசம் அருவில தண்ணி இல்ல. போன வருசம் வெள்ளம்னு குளிக்கத் தடை. ரெண்டு சீசனா ஈ ஓட்டுதேன். இன்னைக்குத்தான் வாசல்ல வேன் நிக்கி. நெல்ல அள்ளுதியா, சாவியக் குடுக்கியா?"

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. லாட்ஜுக்கும் வயலுக்கும் ஒரே வானம்தான். இரண்டுக்கும் ஒரே நாளில் நல்லது செய்ய அதற்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை.

வள்ளித்தாய் குனிந்து ஒரு நெல்மணியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். இன்னும் மெதுக்கென்று இருந்தது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"சீசனுக்கு வேற ஆளு பாத்துக்கிடுங்க. ஃபேனு மட்டும் காலம்பற வரைக்கும் ஓடட்டும் அண்ணாச்சி."

"வேலைய விட்டுட்டு எதத் திம்பே?"

"இதத்தான்."

வேன் டிரைவர்கள் அதற்குள் பக்கத்து லாட்ஜில் இடம் விசாரித்துவிட்டார்கள். வண்டிகள் திரும்பின. ஆளில்லாத லாட்ஜில் சுவிட்சை அணைத்து வைத்து என்ன லாபம் என்று முதலாளிக்கே தோன்றியிருக்க வேண்டும். ஃபேன்கள் மறுபடி சுற்றின. சாவியை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.

மறுநாள் காலை கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதக் கருவி பதினேழுக்குச் சற்றுக் கீழே காட்டியது. வள்ளித்தாய் நெல்லை ஜைனப் பெயரில் விற்றார். பிறகு, தனக்கு இனி வேலை இல்லாத, இன்னும் திறந்தே கிடந்த அந்த லாட்ஜுக்குத் திரும்பிப் போய், டார்மிட்டரியைக் கழுவித் துடைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.