மாப்பிள்ளைச் சேவலும் செல்வராஜும்

கூடுவாஞ்சேரியிலிருந்து செல்வராஜின் மனைவி மேரி போன் செய்தபோது நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "மேடம், அவரு காலைல போயிட்டாரு" என்றார். நெஞ்சுவலி. நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம். கொல்லையில் யாரோ கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்கள். செல்வராஜிடம் கோழி வாங்கியவர்களும் அவரோடு வாயாடியவர்களும் அநேகமாக ஒரே ஆட்கள்தான். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மறைமலை நகரில் பார்த்த தொழிற்சாலை வேலை போன பிறகு, இனிக் கோழிதான் பிழைப்பு என்று அவர் முடிவு செய்தார். நாட்டுக்கோழி மெதுவாகத்தான் வளரும். பிராய்லர் சீக்கிரம் எடை போடும், ஆனால் வெளியில் விட்டால் தாங்காது. இரண்டையும் கலந்தால் என்ன என்று, தாம்பரத்தில் விலங்கியல் கற்பித்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்க வந்தார். எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன். "நம்பிக்கைய நான் வச்சிக்கிறேன் மேடம். நீங்க தப்பை மட்டும் சொல்லுங்க" என்றார்.

கறிக்கு அனுப்பாமல் ஒரு பிராய்லர் சேவலை நிறுத்தி, நாட்டுப் பெட்டைகளோடு விட்டார். தெருவே அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது. பெயர்தான் வினையாயிற்று. மாப்பிள்ளையாயிற்றே என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சோறும் கம்பும் போட்டார்கள். விரைவிலேயே அது எழுந்து நிற்கவே யோசித்தது. அடை வைத்த முட்டைகளில் கரு பிடிக்கவில்லை. அடுத்த அடையும் பொரிக்காவிட்டால் கொல்லையை மூடிவிட்டு வெளியூரில் வேலை தேடப் போவது என்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள்.

தீனியை அளந்து போட வேண்டும், உடல் பெருத்தால் சேவல் இணை சேராது என்று சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண்மணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்:

"இன்னாம்மா, மாப்பிள்ளைய பட்டினி போடச் சொல்ற? பொண்ணு வூட்டுக்குக் கெட்ட பேரு இல்ல?"

"அக்கா, உன் மாப்பிள்ளைய நீ கொஞ்சம் பட்டினி போட்டிருந்தா அவரும் வேலைக்குப் போயிருப்பாரு" என்றார் செல்வராஜ். அந்த அம்மாள்தான் முதலில் சிரித்தார்.

பழைய சேவலைத் தேற்ற முடியவில்லை. அடுத்ததைக் கம்பிவலைக்குள் வைத்து அளவாகத் தீனி போட்டு வளர்த்தார். பெயர் வைக்க யாரையும் விடவில்லை. அந்த அடை பொரித்தது.

குஞ்சுகள் நாட்டுக்குஞ்சுகளைவிட வேகமாக வளர்ந்தன. காக்கையைக் கண்டால் ஓடி ஒளியவும் தெரிந்திருந்தது. ஆனால் பல வெள்ளையாக இருந்தன. சந்தையில் ஒருவர், "இன்னாபா, வெள்ளையா கீது. பிராய்லர நாட்டுக்கோழின்னு தள்ளிவுட்றியா?" என்றார். நிறமுள்ளவற்றை மட்டும் நாட்டுக்கோழி என்று விற்றுவிடும்படி பக்கத்துக் கடைக்காரர் காதில் சொன்னார். செல்வராஜ் கேட்கவில்லை. "அம்மா நாடு, அப்பா பிராய்லர். கொழம்பு வச்சுப் பாரு, புடிக்கலன்னா வந்து திட்டு" என்றார். சந்தையில் கேட்ட அந்த ஆள் திட்டத்தான் வந்தார். திட்டிவிட்டு இன்னொன்று வாங்கிப் போனார்.

கலப்புக் கோழிகளையே ஒன்றோடொன்று சேர்த்தபோது பிறந்தவை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வளர்ந்தன. இது நிலைக்காது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன், மறுபடியும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"எது வரைக்கும் நிலைக்கும், அதைச் சொல்லுங்க மேடம்."

"முதல் தலைமுறை வரைக்கும்."

"அது போதும். ஒவ்வொரு தபாவும் முதல் தலைமுறையே எடுத்துக்கிறேன்."

நாட்டுப் பெட்டைகளைத் தனியே காத்து, ஒவ்வொரு முறையும் புதிய பிராய்லர் சேவலைக் கொண்டே குஞ்சு எடுத்தார். கடைசிவரை அதில்தான் குடும்பம் நடந்தது. நான் 'முடியாது' என்று முடித்த இடத்தில் அவர் எல்லையைக் கேட்டார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பழக்கத்தைத்தான்.

அடக்கம் முடிந்த மறுவாரம் மேரியைப் பார்க்கப் போனேன். பெட்டைகள் அடைக்கு உட்கார்ந்திருந்தன. "முட்டை வைக்கட்டுமா மேடம்? தனியா என்னால ஆவுமா?" என்று கேட்டார். ஆகும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. "குஞ்சு இறங்குற வரைக்கும் சாயந்திரம் நான் வர்றேன், மேரி. வையுங்க" என்றேன்.

முட்டை வைத்தாயிற்று. இன்று சாயங்காலமும் போகிறேன்.